டிஎல்எல் ஃபைல் காணோம்னு எரர் வருதா? நெட்ல தேடி டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

எரர் பெட்டி வந்த உடனே கைப்பழக்கத்துல ஓகே குடுத்து மூடிடாதீங்க, பாதி விடை அதுலயே இருக்கு. பெட்டியோட தலைப்புல எந்த புரோகிராம் தடுமாறுதுன்னு பேரு இருக்கும், உள்ள எந்த ஃபைல் கிடைக்கலன்னு பேரு இருக்கும், கடைசியில "திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கும். ஃபோன எடுத்து ஒரு போட்டோ புடிச்சு வச்சுக்கோங்க. "ஏதோ விசி ரன்டைம்னு வந்துச்சு"ன்னு நினைவுல வச்சுக்கிட்டா பத்தாது, ஏன்னா விசிரன்டைம்140 வேற, விசிரன்டைம்140_1 வேற, கடைசியில வர்ற அந்த _1ல தான் வித்தியாசமே இருக்கு.

டிஎல்எல்னா டைனமிக் லிங்க் லைப்ரரி. கல்யாணத்துக்கு சமையல் பண்ண வர்றவர் கரண்டி, கத்தி மட்டும் தான் கையோட கொண்டு வருவாரு, அண்டா, குண்டா, அடுப்பெல்லாம் மண்டபத்துல இருக்கும்னு நம்பி வருவாரு இல்லையா, அதே மாதிரி தான் புரோகிராமும். எல்லாருக்கும் பொதுவா தேவைப்படுற வேலைகள எழுதி தனி ஃபைலா சிஸ்டத்துல வச்சிருப்பாங்க, ஒவ்வொரு புரோகிராமும் அத எடுத்து பயன்படுத்திக்கும். மண்டபத்துல அண்டா இல்லன்னா சமையல்காரர் மேல தப்பு சொல்ல முடியாது, சமைக்கவும் முடியாது.

இன்னொன்னு, விண்டோஸ் இந்த ஃபைல சிஸ்டம் பூரா தேடாது. பொதுவா அந்த புரோகிராம் இருக்குற ஃபோல்டர்ல மொதல்ல பாக்கும், அப்புறம் விண்டோஸுக்குள்ள சிஸ்டம்32, அப்புறம் விண்டோஸ் ஃபோல்டர், கடைசியா பாத்ங்கற லிஸ்ட்ல சொல்லியிருக்குற இடங்கள், அவ்ளோ தான். அதனால "ஃபைல் என் டவுன்லோட்ஸ்ல இருக்கே, அப்புறம் ஏன் காணோம்னு சொல்லுது"ன்னு குழம்பாதீங்க. அது அங்க எட்டிக்கூட பாக்காது.

ஒத்த ஃபைல மட்டும் டவுன்லோடு பண்ணாதீங்க

இத நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க தெரு முனையில ஒரு ஹார்டுவேர் கடை, சிமெண்ட், பெயிண்ட், பைப்பு விக்கிறவங்க. சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு யாரையோ வச்சு ஃபார்மட் அடிச்சிருக்காங்க, அடிச்சதுக்கு அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர் ஓபன் ஆகல. "ரெண்டு நாளா கையில தான் தம்பி பில்லு எழுதிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் வந்து பாரு"ன்னு அண்ணன் கூப்பிட்டாரு. போய் பாத்தா எரர்ல காணோம்னு வந்திருந்த ஃபைல் எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல். அவரு பையன் காலேஜ் படிக்கிறான், விவரமான பையன், நெட்ல தேடி அந்த ஒரு ஃபைல மட்டும் ஒரு சைட்ல எடுத்து சிஸ்டம்32க்குள்ள போட்டுட்டான். எரர் மாறவே இல்ல. அப்புறம் அதே ஃபைல சிஸ்வாவ்64 ஃபோல்டர்லயும் போட்டிருக்கான், இப்போ காணோம்ங்கற எரர் போயி 0எக்ஸ்சி000007பி-ன்னு ஒரு நம்பர் வருது. அவனுக்கு ஒண்ணும் புரியல, பாவம் ராத்திரி பூரா உக்காந்திருக்கான்.

நடந்தது இது தான். விண்டோஸ்லயும் புரோகிராம்லயும் 32 பிட், 64 பிட்னு ரெண்டு வகை இருக்கு. 64 பிட் விண்டோஸ்ல சிஸ்டம்32ங்கற ஃபோல்டர்ல இருக்குறது 64 பிட் ஃபைலுங்க, சிஸ்வாவ்64ங்கற ஃபோல்டர்ல இருக்குறது 32 பிட் ஃபைலுங்க. பேரு அப்படியே தலைகீழா இருக்கும், பழைய புரோகிராமுங்க உடையக்கூடாதுன்னு அப்படி வச்சுட்டாங்க. அந்த பில்லிங் சாஃப்ட்வேர் பழசு, 32 பிட். அது சிஸ்டம்32ல தேடுனா விண்டோஸ் சத்தமில்லாம சிஸ்வாவ்64க்கு திருப்பி விட்டுடும், அதனால பையன் மொதல்ல போட்ட ஃபைல அது பாக்கவே இல்ல. ரெண்டாவது தடவ சரியான ஃபோல்டர்ல தான் போட்டான், ஆனா டவுன்லோடு பண்ணுன ஃபைல் 64 பிட். 32 பிட் புரோகிராம் 64 பிட் டிஎல்எல்ல எடுத்தா அந்த 7பி எரர் தான் வரும். அந்த நம்பர எங்க பாத்தாலும் 32, 64 கலந்துடுச்சோன்னு தான் மொதல்ல சந்தேகப்படணும்.

நான் ரெண்டு இடத்துலயும் அவன் போட்ட ஃபைல அழிச்சேன், மைக்ரோசாஃப்ட் சைட்லயே விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் எக்ஸ்86, அதாவது அந்த ஃபைல் வர்ற 32 பிட் பேக்கேஜ, எடுத்து இன்ஸ்டால் பண்ணேன், கிளிக் பண்ணதும் திறந்துடுச்சு. அண்ணன் மொத வேலையா கையில எழுதி வச்சிருந்த பில்ல எல்லாம் எடுத்து ஏத்த ஆரம்பிச்சாரு.

32, 64 குழப்பம் மட்டும் இல்ல. ஒத்த டிஎல்எல் குடுக்குற சைட்டுங்க அந்த ஃபைல எங்கேர்ந்து எடுத்தாங்க, உள்ள என்ன சேத்திருக்காங்கன்னு உங்களுக்கு தெரியவே தெரியாது, டிஎல்எல்ங்கறது ஓடுற புரோகிராம் கோடு, அத கொண்டு வந்து சிஸ்டம்32ல வைக்கிறது வீட்டு சாவிய தெரியாத ஆளுக்கு குடுக்குற மாதிரி. வைரஸே இல்லன்னாலும் வெர்ஷன் பொருந்தாது, ஒண்ணு போட்டா அடுத்த ஃபைல் காணோம்னு வரும், அத போட்டா இன்னொன்னு. ஃபைலுங்க தனியா வர்றதில்ல, பேக்கேஜா தான் வரும். அதனால "இந்த ஃபைல் எங்க கிடைக்கும்"னு தேடாதீங்க, "இந்த ஃபைல் எந்த பேக்கேஜோட வரும்"னு தேடுங்க.

மொதல்ல பாக்க வேண்டியது ஜிப்பும் ஷார்ட்கட்டும்

எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இத பாருங்க, புதுசா வர்றவங்ககிட்ட நான் அதிகமா பாக்குறது இது தான். சாஃப்ட்வேர் ஜிப் ஃபைலா வந்திருக்கும், அத டபுள் கிளிக் பண்ணா உள்ள இருக்குறதெல்லாம் சாதாரண ஃபோல்டர் மாதிரியே தெரியும், அங்கேர்ந்தே எக்ஸ்இய, அதாவது புரோகிராம ஓட்டுற ஃபைல, கிளிக் பண்ணிடுவாங்க. விண்டோஸ் என்ன பண்ணும்னா அந்த எக்ஸ்இய மட்டும் உருவி ஒரு டெம்ப் ஃபோல்டர்ல வச்சு ஓட்டும், கூட இருந்த டிஎல்எல் எல்லாம் ஜிப்புக்குள்ளயே கிடக்கும். பக்கத்துல தேடுற புரோகிராமுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஜிப் மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்ட்ராக்ட் ஆல் குடுத்து, பிரிஞ்ச ஃபோல்டர்லேர்ந்து ஓட்டுங்க, நிறைய பேருக்கு பிரச்சன இங்கயே தீந்துடும்.

இதே தான் டெஸ்க்டாப் கதையும். "டெஸ்க்டாப்ல வச்சா ஈஸியா இருக்கும்"னு எக்ஸ்இய மட்டும் கட் பண்ணி டெஸ்க்டாப்ல போட்டுடுவாங்க, இல்லன்னா பென்டிரைவ்ல எக்ஸ்இய மட்டும் காப்பி பண்ணி அடுத்த சிஸ்டத்துக்கு கொண்டு போவாங்க. எக்ஸ்இய பழைய ஃபோல்டர்லயே திரும்ப வச்சுட்டு, டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட் மட்டும் அனுப்புங்க. அடுத்த சிஸ்டத்துக்கு செட்டப் ஃபைல கொண்டு போங்க.

ஃபைல் பேர பாத்து பேக்கேஜ கண்டுபுடிக்கிறது

மேல சொன்னது எதுவும் இல்லன்னா அந்த போட்டோவ எடுங்க. எம்எஸ்விசிபி, எம்எஸ்விசிஆர், விசிரன்டைம்னு ஆரம்பிச்சா எல்லாமே விஷுவல் சி பிளஸ் பிளஸ் குடும்பம், பின்னாடி வர்ற நம்பர் தான் வருஷத்த சொல்லும். 90னா 2008, 100னா 2010, 110னா 2012, 120னா 2013. 140ன்னு வந்தா 2015லேர்ந்து அப்புறம் வந்த எல்லாத்துக்கும் ஒரே பேக்கேஜ் தான், அந்த கடைசி பேக்கேஜ் ஒண்ணு போட்டா இடையில இருக்குற எல்லாத்துக்கும் சேத்து வேல செய்யும். ஆரம்பத்துல சொன்னேனே 140_1ன்னு, அது 2019ல சேத்தது. "என்கிட்ட ஏற்கனவே 2015 பேக்கேஜ் இருக்கே, அப்புறமும் ஏன் கேக்குது"ன்னா காரணம் அது தான், புதுச எடுத்து போடுங்க.

எக்ஸ்86, எக்ஸ்64ன்னு ரெண்டு இருக்கும், எக்ஸ்86ன்னா 32 பிட், எக்ஸ்64ன்னா 64 பிட். எது வேணும்ங்கறது உங்க விண்டோஸ் எத்தன பிட்டுங்கறத பொறுத்தது இல்ல, அந்த புரோகிராம் எத்தன பிட்டுங்கறத பொறுத்தது. 64 பிட் விண்டோஸா இருந்தா யோசிக்காம ரெண்டையும் போட்டுடுங்க, ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது, இடமும் பெருசா அடைக்காது. போட்டு முடிச்சதும் ஒரு ரீஸ்டார்ட்.

இங்க ஒரு விஷயம், கன்ட்ரோல் பேனல்ல புரோகிராம் லிஸ்ட்ட திறந்தா விஷுவல் சி பிளஸ் பிளஸ்னு ஒரே மாதிரி எட்டு பத்து வரி இருக்கும், சில பேரு "எதுக்கு இத்தன டூப்ளிகேட்"னு பழசையெல்லாம் அன்இன்ஸ்டால் பண்ணிடுறாங்க, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. அது டூப்ளிகேட் இல்ல, ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனி. நேத்து வரைக்கும் ஓடுன சாஃப்ட்வேர் இன்னைக்கு டிஎல்எல் காணோம்னு சொன்னா, யாராவது அந்த லிஸ்ட்ட சுத்தம் பண்ணாங்களான்னு கேளுங்க. பேக்கேஜ் லிஸ்ட்ல இருந்தும் எரர் வந்தா அந்த வரிய செலக்ட் பண்ணி சேஞ்ச் குடுங்க, ரிப்பேர்னு ஒரு பட்டன் வரும், அது காணாம போன ஃபைலுங்கள திரும்ப கொண்டு வந்து வச்சுடும்.

கேம் போடுறவங்களுக்கு டி3டிஎக்ஸ்9_43, எக்ஸ்இன்புட்1_3 மாதிரி பேருங்க வரும், இது டைரக்ட்எக்ஸ், கேமோட படம், சத்தத்துக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் குடுக்குற லைப்ரரி. "விண்டோஸ்ல தான் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கே"ன்னு தோணும், இருக்கு, ஆனா பழைய கேமுங்க கேக்குற இந்த கூடுதல் ஃபைலுங்க அதுல கிடையாது. மைக்ரோசாஃப்ட்ல டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம், 2010 ஜூன் பேக்கேஜ்னு இருக்கு, அத எடுங்க. அத ஓட்டுனா இன்ஸ்டால் ஆகாது, எங்க பிரிச்சு வைக்கணும்னு ஒரு ஃபோல்டர் கேக்கும், அவ்ளோ தான், நிறைய பேரு இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. ஒரு காலி ஃபோல்டர் குடுத்து பிரிச்சுட்டு, உள்ள போயி டிஎக்ஸ்செட்டப்னு இருக்குற எக்ஸ்இய ஓட்டணும், அப்போ தான் உண்மையா இன்ஸ்டால் ஆகும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்குற கடைங்கள்ல ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டின்னு நீளமா ஒரு பேரு வரும், அது யுனிவர்சல் சிஆர்டி, சர்வீஸ் பேக் 1 போட்டுட்டு கேபி2999226ங்கற அப்டேட்ட போட்டா சரியாயிடும். விண்டோஸ் 10லேர்ந்து அது உள்ளயே இருக்கு. எம்எஃப்பிளாட்.டிஎல்எல் காணோம்னா உங்க விண்டோஸ் 'N' எடிஷனான்னு பாருங்க, ஐரோப்பாவுல போட்ட உத்தரவால மீடியா பிளேயர் சமாச்சாரத்த எல்லாம் எடுத்துட்டு விக்கிற எடிஷன் அது, வெளிநாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்த லேப்டாப்ல சில நேரம் இருக்கும். செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போயி மீடியா ஃபீச்சர் பேக் சேத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இந்த குடும்பங்கள் எதுலயும் சேராத பேரா இருந்தா அது அந்த சாஃப்ட்வேரோட சொந்த ஃபைல். அதுக்கு வழி அந்த சாஃப்ட்வேரையே திரும்ப இன்ஸ்டால் பண்றது தான். ஆனா அதுக்கு முன்னாடி ஆன்ட்டிவைரஸ ஒரு தடவ பாத்துடுங்க, சின்ன கம்பெனி சாஃப்ட்வேரோட டிஎல்எல்ல வைரஸ்னு நினைச்சு தூக்கி குவாரன்டீன்ல, அதாவது தனியா பூட்டி, வச்சுடும். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் பகுதிக்குள்ள புரொடெக்‌ஷன் ஹிஸ்டரின்னு இருக்கும், அதுல உங்க ஃபைல் பேரு இருக்கான்னு தேடுங்க. இருந்தா, சாஃப்ட்வேர் காசு குடுத்து நேரா வாங்குனதா, இல்ல யாரோ கிராக் பண்ணி குடுத்ததான்னு யோசிச்சுட்டு அப்புறம் ரீஸ்டோர் குடுங்க. கிராக் வெர்ஷன்னா ஆன்ட்டிவைரஸ் சொல்றத நம்புங்க.

ரெஜ்எஸ்விஆர்32 கமாண்ட் போட்டு டிஎல்எல்ல ரிஜிஸ்டர் பண்ணுங்கன்னு நிறைய வீடியோல சொல்றாங்க. அது ஒரு தனி வகை டிஎல்எல்லுக்கு மட்டும் தான் பொருந்தும். விசிரன்டைம் மாதிரி ஃபைலுக்கு போட்டா என்ட்ரி பாயின்ட் கிடைக்கலன்னு தான் பதில் வரும், நேரம் தான் வீண்.

விண்டோஸோட சொந்த ஃபைலே போயிருந்தா

ஒரு புரோகிராம் மட்டும் இல்லாம பல புரோகிராம் ஒரே நேரத்துல மக்கர் பண்ணுது, கரண்ட் போயி சிஸ்டம் பட்டுன்னு ஆஃப் ஆனதுக்கு அப்புறம் தான் ஆரம்பிச்சுதுன்னா விண்டோஸ் ஃபைலே கெட்டிருக்கலாம். ஸ்டார்ட்ல சிஎம்டின்னு தேடி, ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க. மொதல்ல டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அது முடிஞ்சதுக்கு அப்புறம் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் (sfc /scannow), ரெண்டையும் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும், ஒவ்வொரு சாய்வு கோட்டுக்கும் முன்னாடி ஒரு ஸ்பேஸ் விடணும். மொத கமாண்டுக்கு நெட் வேணும், பாதியில அசையாம நிக்குற மாதிரி இருக்கும், அப்படியே விட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, சிஎம்டி விண்டோவ மூடாதீங்க. இது விண்டோஸோட சொந்த ஃபைலுங்கள மட்டும் தான் சரி பண்ணும், ஹார்டுவேர் கடையில காணாம போன எம்எஸ்விசிஆர்100 மாதிரி ஃபைலுங்கள இது கொண்டு வராது.

காணாம போனது டிஎல்எல் இல்ல, டேட்டா ஃபைல்னா

இது வேற வகை. புரோகிராம் திறக்கும், ஆனா "டேட்டா கிடைக்கல"ன்னு நிக்கும். மொதல்ல டிரைவ் எழுத்த பாருங்க. டேட்டா இ டிரைவ்ல இருந்திருக்கும், புதுசா ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டுனதும் இ போயி எஃப் ஆயிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி பழைய எழுத்தையே திரும்ப குடுத்துடலாம். ஷார்ட்கட்லேர்ந்து திறந்தா மட்டும் பிரச்சன, ஃபோல்டருக்குள்ள போயி எக்ஸ்இய கிளிக் பண்ணா ஓடுதுன்னா, ஷார்ட்கட் மேல ரைட் கிளிக் பண்ணி பிராபர்டீஸ்ல ஸ்டார்ட் இன்ங்கற கட்டத்த பாருங்க, அது காலியா இல்ல தப்பான ஃபோல்டரா இருக்கும், எக்ஸ்இ இருக்குற ஃபோல்டர அங்க எழுதுங்க.

நெட்வொர்க்ல சர்வர் வச்சு இசட் டிரைவ்னு மேப் பண்ணி ஓட்டுற ஆபீஸ்ல இன்னொன்னு நடக்கும். எதுக்கும் ஒரு தடவ அட்மினா ரன் பண்ணிப் பாப்போம்னு பண்ணுவாங்க, அதுக்கப்புறம் இசட் டிரைவே இல்லன்னு எரர் வரும். அட்மினா ஓடுற புரோகிராமுக்கு நீங்க சாதாரணமா மேப் பண்ண டிரைவ் பெரும்பாலும் தெரியாது. அட்மின் டிக்க எடுத்துடுங்க.

நம்ம ஆளுங்களுக்கு வர்ற ஒண்ணும் இருக்கு. ஃபோல்டருக்கு "கடை கணக்கு"ன்னு தமிழ்லயே ஆசையா பேரு வச்சிருப்பாங்க, இல்லன்னா விண்டோஸ்ல யூசர் பேரே தமிழ்ல இருக்கும். இப்போ வர்ற பெரும்பாலான சாஃப்ட்வேருக்கு அது பிரச்சன இல்ல, ஆனா யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறை) தெரியாத பழைய சாஃப்ட்வேருக்கு தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியா தான் தெரியும், ஏன்னா ஐரோப்பிய மொழிகளுக்கு இருக்குற மாதிரி பழைய கோட் பேஜ், அதாவது எழுத்து அட்டவணை, விண்டோஸ்ல தமிழுக்கு கிடையாது. எரர்ல பாத் இருக்குற இடத்துல வரிசையா கேள்விக்குறியா இருந்தா சந்தேகமே வேணாம், சி டிரைவ்ல இங்கிலீஷ் பேர்ல ஒரு சின்ன ஃபோல்டர் போட்டு டேட்டாவ அங்க மாத்துங்க. எனக்கு இதுல வருத்தம் தான், தமிழ்ல பேரு வைக்கிறது தப்பே இல்ல, அந்த பழைய சாஃப்ட்வேருக்காக மட்டும் இந்த ஒரு ஃபோல்டர்ல விட்டுக்குடுங்க, மத்ததெல்லாம் தமிழ்லயே இருக்கட்டும்.

இவ்ளோ பண்ணியும் புடிபடலன்னா

ப்ராசஸ் மானிட்டர்னு ஒரு டூல் இருக்கு, மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்துல இலவசமா கிடைக்கும், இன்ஸ்டால் கூட பண்ண வேணாம். ஃபைல் பேரே சொல்லாம மூடிக்கிற புரோகிராமுக்கும், பேரு சொல்ற ஃபைல் கண்ணு முன்னாடி இருந்தும் காணோம்னு சொல்ற புரோகிராமுக்கும் இது தான் கடைசி வழி. அந்த ரெண்டாவது சங்கதி எப்படின்னா, சில நேரம் சொன்ன டிஎல்எல் இருக்கும், அந்த டிஎல்எல்லுக்கு தேவையான இன்னொரு டிஎல்எல் இருக்காது.

டூல திறந்து ஃபில்டர்ல ப்ராசஸ் நேம்னு எடுத்து உங்க எக்ஸ்இ பேர குடுங்க, அப்புறம் புரோகிராம ஓட்டுங்க, எரர் வந்ததும் கன்ட்ரோலும் இ-யும் சேத்து அழுத்துனா பதிவு நின்னுடும். ரிசல்ட்ங்கற நெடுவரிசையில நேம் நாட் ஃபவுண்ட்னு நூத்துக்கணக்கா வரி இருக்கும், பாத்து பயந்துடாதீங்க, அது சகஜம், விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டரா தேடும்போது இல்லாத இடத்துல எல்லாம் அப்படி தான் எழுதும். கீழேர்ந்து மேல படிச்சுட்டு வாங்க. ஒரே ஃபைல் பேரு நாலஞ்சு ஃபோல்டர்ல வரிசையா நாட் ஃபவுண்ட் ஆகியிருக்கும், எந்த இடத்துலயும் சக்ஸஸ்னு வந்திருக்காது, பெரும்பாலும் அது தான் உங்க ஃபைல். அந்த பேர வச்சு மேல சொன்ன குடும்ப கணக்குக்கு போங்க, குடும்பம் தெரியலன்னா அந்த வரிங்க தெரியுற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மொதல்ல புடிச்ச போட்டோவோட சேத்து, சாஃப்ட்வேர் வெர்ஷனும் விண்டோஸ் எத்தனங்கறதும் எழுதி சாஃப்ட்வேர் குடுத்தவங்களுக்கு அனுப்புங்க. "ஓபன் ஆகல சார்"னு மட்டும் சொன்னா அவங்க ஃபார்மட் அடிங்கன்னு தான் சொல்லுவாங்க, இத அனுப்புனா எந்த ஃபைல், எந்த ஃபோல்டர்ல இருக்கணும்னு நேரா பதில் சொல்ல முடியும்.